என்ஜினை நிறுத்தும் படகில் ஏறுங்கள்

நைனார்பாளையத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சின்னசேலம் போய், விருத்தாசலம் வழியாகக் கடலூர் போக வேண்டும். நூறு கிலோமீட்டர் போல வரும். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்தில் காலை நனைத்துவிட்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவதுதான் எங்கள் ஊரின் கடல் அனுபவம். மழை பொய்க்காத வருஷத்தில் நிரம்பி நிற்கும் ஏரிதான் நாங்கள் பார்க்கிற பெரிய தண்ணீர். அதில் பிடிபடும் விரால் ஒன்று இரண்டு கிலோ தேறினால் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்கும்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு திமிங்கிலத்தைப் பற்றி எழுதக் காரணம், ஆத்தூரிலிருந்து ஒரு வாசகி அனுப்பியிருந்த கேள்வி. "மே மாத லீவுக்குப் பிள்ளைகளோடு இலங்கை போகிறோம் அக்கா. அங்கே படகில் கூட்டிப்போய்த் திமிங்கிலத்தை ரொம்பக் கிட்டத்தில் காட்டுகிறார்களாமே? நீங்கள் போயிருக்கிறீர்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். போகலாமா, பயமில்லையா?"

போகலாம். பயமும் இல்லை. ஆனால் அந்த 'ரொம்பக் கிட்டத்தில்' என்ற வார்த்தையைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நாங்கள் போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதம். அம்மா, தம்பி, தம்பி மனைவி, ஏழாவது படிக்கும் அவர்கள் மகள், நான். இலங்கையின் தென்கோடியில் மாத்தறைக்குப் பக்கத்தில் மிரிஸ்ஸ என்று ஒரு மீன்பிடி ஊர். 2008 வாக்கில்தான் அங்கே திமிங்கிலம் காட்டும் படகுகள் ஓட ஆரம்பித்தன. இன்று அதை நம்பித்தான் ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு. தங்கும் விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள், ஆட்டோக்காரர்கள் என்று எல்லோரும் காலை ஆறரை மணிக்குப் புறப்படும் அந்தப் படகுகளைச் சுற்றித்தான் இருக்கிறார்கள்.

அங்கே மட்டும் ஏன் திமிங்கிலம்? நம் வேதாரண்யத்தில், ராமேஸ்வரத்தில் ஏன் இல்லை? ஆழம்தான் காரணம். நமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே உள்ள பாக் நீரிணையில் பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர்கூட ஆழம் தேறாது. இலங்கையின் தெற்கே தேவேந்திரமுனைப் பக்கம் கரையிலிருந்து சில கிலோமீட்டர் போனாலே கடல் ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த ஆழத்திலிருந்து சத்துள்ள குளிர்ந்த தண்ணீர் மேலே வரும் இடத்தில் இறால் போன்ற சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகும். உலகத்திலேயே பெரிய உயிரினமான நீலத் திமிங்கிலம் சாப்பிடுவது விரல் நீளம்கூட இல்லாத அவற்றைத்தான்.

எவ்வளவு பெரியது என்று மீட்டரில் சொன்னால் மனதில் நிற்காது. இந்துமாக்கடலில் வாழும் வகை கொஞ்சம் குள்ளம்தான், நன்றாக வளர்ந்தது 24 மீட்டர் இருக்கும். சின்னசேலம் டவுன் பஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள், அந்த நீளம். எடைக்கு, ஆலை வாசலில் முறை வருவதற்காகக் காத்து நிற்கும் கரும்பு லாரிகளில் ஐந்தாறை லோடோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இது மீன் இல்லை. நம்மைப்போல மூச்சு விடும், குட்டி போடும், பால் கொடுக்கும். குட்டி ஒரு நாளைக்கு 200 லிட்டர் போலப் பால் குடிக்கும் என்கிறார்கள். இதை எங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் பெரியப்பா ஒருவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்ப சொசைட்டிக்கு ஊத்த ஒண்ணும் மிஞ்சாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படகில் எங்களோடு நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். ஒரு மணி நேரம் கழித்து, தூரத்தில் வெள்ளையாக ஒரு புகை கிளம்பியது. "அதோ!" என்று யாரோ கத்தினார்கள். அது தண்ணீர்த் தாரை இல்லை, திமிங்கிலம் விட்ட மூச்சு. தலைமேல் இருக்கும் மூக்குத் துளை வழியாக அது விடும் மூச்சு ஒன்பது மீட்டர் உயரம்கூடப் போகும். பக்கத்தில் இருந்தால் வாடை அடிக்குமாம், எங்கள் பக்கம் காற்று வீசவில்லை.

அந்தப் புகையை நாங்கள் மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் நின்ற ஆறு படகுகளும் பார்த்தன. ஆறும் ஒரே நேரத்தில் அங்கே பாய்ந்தன. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், இரண்டு பக்கவாட்டில். எங்கள் படகிலும் "இன்னும் கிட்ட போங்க, இன்னும் கிட்ட" என்று நாலைந்து மொழியில் சத்தம். போனை உயர்த்திப் பிடித்தபடி எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய, படகும் சாய்ந்தது. திமிங்கிலம் மூன்று முறை மூச்சு விட்டது. முதுகு நீண்டு, வளைந்து, கடைசியில் வால் மேலே வந்து கீழே போனது. அவ்வளவுதான்.

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா மட்டும் தட்டவில்லை. "நாலு பக்கமும் வண்டிய வுட்டு மறிச்சா மாடு மெரளாம இன்னா பண்ணும்?" என்றார்.

அம்மா மாடு என்று சொன்னது பழக்கத்தில்தான். ஆனால் விலங்கியலும் அவர் பக்கம்தான் நிற்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் தரையில் நடந்த குளம்புக்கால் பிராணி ஒன்றிலிருந்து வந்தவைதான் திமிங்கிலங்கள். இன்று உயிரோடு இருப்பவற்றில் நெருங்கிய சொந்தம் நீர்யானை. பன்றியும் மாடும் அதே பெரிய குடும்பத்தின் பங்காளிகள்.

அந்த மிரட்சியால் என்ன கெட்டுப் போகிறது? திமிங்கிலம் பெரிய உடம்புதானே, தாங்காதா என்று தோன்றும். 2019-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிஃபோர்னியா கடலில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் உடம்பில் கருவியை ஒட்டி இதயத் துடிப்பை அளந்தார்கள். ஆழத்தில் இரை தேடும்போது நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு வரைகூட இறங்கியிருக்கிறது. மேலே வந்து மூச்சு வாங்கும்போது 25 முதல் 37 வரை ஏறியிருக்கிறது. அந்த இதயத்துக்கு அதற்கு மேல் ஓட அதிகம் இடமில்லை என்பது அவர்கள் கணிப்பு. அதாவது, நாம் 'சும்மா மேலே மிதக்கிறது' என்று நினைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அதற்கு மூச்சிரைக்கும் நேரம். இரண்டு குடம் தண்ணீரோடு மேடேறி வந்த பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நாலு பேர் சூழ்ந்துகொண்டு போட்டோ எடுத்தால் எப்படி இருக்கும்? அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பாதி மூச்சில் நடந்துவிடுவாள். திமிங்கிலமும் அதையே செய்கிறது. மூச்சு முழுதாக வாங்காமல் முங்கினால் கீழே இருக்கும் நேரம் குறையும், தின்பதும் குறையும். பால் கொடுக்கிற தாயாக இருந்தால் கணக்கு இன்னும் கடுமை.

இலங்கையில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2012-ல் விதிகள் கொண்டுவந்தார்கள். திமிங்கிலத்துக்கு நூறு மீட்டருக்குள் படகு போகக் கூடாது. சுற்றி வளைப்பது, முன்னால் போய் மறிப்பது எல்லாம் தப்பு. வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு அது. ஆனால் நடுக்கடலில் டேப் வைத்து அளப்பவர் யார்? காசு கொடுத்தவர் "இன்னும் கிட்ட" என்று கேட்டால், பக்கத்துப் படகு போனால், ஓட்டுபவர் என்ன செய்வார்? இதில் படகுக்காரரை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. போன வாரப் பயணிகள் ஆன்லைனில் ஐந்து நட்சத்திரம் போட்டது எந்தப் படகுக்கு என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

எங்கள் படகு ஓட்டுநர் பெரியவர். மீன்பிடியிலிருந்து இதற்கு வந்தவர். அந்தக் கூட்டத்திலிருந்து விலகி மேற்கே கொஞ்ச தூரம் போய், என்ஜினை நிறுத்திவிட்டார். அலையில் படகு ஆட ஆட, பத்து நிமிடத்திலேயே முணுமுணுப்பு ஆரம்பித்தது. தம்பி மனைவி அதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். டிக்கெட் காசைத் திருப்பித் தருவார்களா என்று பின்னால் ஒருவர் கேட்டார். படகில் உதவிக்கு இருந்த பையன் வெலிகமக்காரன், நம் தமிழ் பேசினான். "கொஞ்சம் பொறுங்கம்மா. அது சாப்பிடப் போயிருக்கு. வரும். பாப்பம்" என்றான்.

இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். முதலில் சத்தம்தான் வந்தது. லாரி டயரில் காற்று இறக்கினால் வருமே, அதைப்போல நீண்ட ஒரு மூச்சு. திரும்பிப் பார்த்தால் எங்கள் இடது பக்கம், ஏரிக்கரையின் இந்த மதகிலிருந்து அந்த மதகு தூரத்தில், அது கிடந்தது. யாரும் துரத்தவில்லை, அதனால் அது அவசரப்படவில்லை. தம்பி மகள் விரல் விட்டு எண்ணினாள். பதினொரு மூச்சு. தண்ணீருக்குள் அதன் நிறம் சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை, மயில்கழுத்துப் பட்டுப்புடவையைத் தண்ணீரில் அலசுவதுபோல இருந்தது. படகில் ஒருவரும் பேசவில்லை. காசைத் திருப்பிக் கேட்டவர்கூட. பிறகு அது முதுகை வளைத்து, வாலை முழுசாக உயர்த்தி, நேராகக் கீழே இறங்கியது. "ஆயா, அது நம்மளப் பாத்துச்சா?" என்று கேட்டாள் குழந்தை. "அதுக்கு வேற வேல இல்லியா?" என்றார் அம்மா.

அந்த வாலுக்கும் ஒரு கதை உண்டு. குளிர்க்கடலில் வாழும் நீலத் திமிங்கிலங்கள் சாப்பிட ஒரு இடம், குட்டி போட ஒரு இடம் என்று பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் போகும். இலங்கைக் கூட்டம் அப்படித் துருவக் கடலுக்குப் போவதில்லை, வருஷம் முழுக்க இந்த வெப்பக்கடலிலேயே வாழ்கிறது. 2003-ல் இதை மோப்பம் பிடித்தவர் ஆஷா டி வோஸ் என்ற இலங்கைப் பெண். அப்போது ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் எடுபிடி வேலை பார்த்த இளம் பட்டதாரி. நீலத் திமிங்கிலங்கள் கூடியிருந்த இடத்தில் செங்கல் நிறத்தில் ஏதோ மிதந்தது. திமிங்கிலச் சாணி! வெப்பக்கடலில் இவை சாப்பிடுவதில்லை என்றுதானே பாடப்புத்தகம் சொன்னது? சாப்பிடாத பிராணி எப்படிச் சாணி போடும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவர், பிறகு ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்டம் வாங்கி, ஓஷன்ஸ்வெல் என்ற அமைப்பைத் தொடங்கி, இன்று உலகம் அறிந்த விஞ்ஞானியாகிவிட்டார். இங்குள்ளவை இரைக்காக ஆழமாக, செங்குத்தாக இறங்குவதால்தான் வாலை அடிக்கடி வெளியே தூக்குகின்றன என்பதும் அவர் சொன்னது.

சாணி என்றதும் முகம் சுளிக்க நாம் பட்டணத்துப் பிள்ளைகளா? அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டால் அடுத்த வெள்ளாமை எப்படி வரும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடலுக்கும் அதே விவசாயம்தான். ஆழத்தில் தின்றதை மேலே வந்து எருவாகப் போடுகிறது திமிங்கிலம். அதிலுள்ள இரும்புச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கடல்பாசிகள் வளர்கின்றன, அதைத் தின்று இறால் பெருகுகிறது, அதை நம்பி மீன். கிடை போடுகிற ஆட்டை விரட்டிவிட்டு யாரும் வெள்ளாமை எதிர்பார்க்க மாட்டார்கள்.

படகுகள் மட்டும்தான் வில்லன் என்று நினைக்க வேண்டாம். அவை சின்ன வில்லன். தேவேந்திரமுனைக்குத் தெற்கே உலகத்திலேயே பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று ஓடுகிறது. சிங்கப்பூரிலிருந்து சூயஸ் போகும் சரக்குக் கப்பல் எல்லாம் அந்த வழிதான். திமிங்கிலம் சாப்பிடும் இடமும் அதேதான். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கப்பலின் மூக்கில் செத்த நீலத் திமிங்கிலம் ஒன்று மாட்டியிருந்தது. கப்பல் கிட்டே வந்தால் பக்கவாட்டில் நீந்தி ஓட இந்தப் பிராணிக்குத் தெரியவில்லை, மெதுவாகக் கீழே அமிழத்தான் பார்க்கிறது என்று கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வு ஒன்று சொல்கிறது. இத்தனை கோடி வருஷத்தில் தன்னைவிடப் பெரிதாக ஒன்று மேலே வந்து மோதும் என்று அது பழகியிருக்கவில்லை, பாவம். பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து பெருமளவு குறையும் என்று விஞ்ஞானிகள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022-ல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே அப்படித் தள்ளி ஓட்ட ஆரம்பித்தது. தள்ளிப் போனால் பார்வையும் பிழைப்பும் கெடாது என்று கப்பல்காரர்களே ஒத்துக்கொண்டபோது, நாற்பது பேர் படகுக்கு நூறு மீட்டர் என்ன கஷ்டம்?

நம் கரையில் திமிங்கிலம் பெரும்பாலும் துக்கச் செய்தியாகத்தான் வருகிறது. 1973 ஜனவரியில் மணப்பாடு கடற்கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே பகுதியில் மறுபடி எண்பதுக்கும் மேல். இவை நீலத் திமிங்கிலம் அல்ல, கூட்டமாகவே வாழும் சின்ன வகை. ஒன்று கரைக்கு வழி தவறினால் மற்றதும் பின்னாலேயே வரும். அந்த ஊர் மீனவர்கள் இரவெல்லாம் கடலுக்குள் இழுத்து விட்டதில் சில பிழைத்தன. இழுத்து விட்டும் திரும்பி வந்தவை உண்டு. நாற்பதுக்கும் மேல் செத்துப்போயின. மற்றபடி நம் பிள்ளைகளுக்குத் திமிங்கிலம் என்றால் எக்மோர் மியூசியத்தில் இருக்கும் எலும்புக்கூடுதான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்த மியூசியத்தை இன்னமும் 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வார்கள், மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. உயிரோடு பார்க்க வேண்டுமென்ற ஆசை நியாயமானது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயதில் அது கிடைத்தது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆத்தூர் வாசகிக்கு வருகிறேன். படகு பேசும்போது விலை கேட்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். திமிங்கிலத்தைப் பார்த்ததும் எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? என்ஜினை நிறுத்துவீர்களா? ஏற்கெனவே நாலு படகு நின்றால் நீங்களும் போவீர்களா, வேறு பக்கம் போவீர்களா? "தொடுகிற தூரத்தில் காட்டுகிறோம்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் படகு வேண்டாம். திமிங்கிலம் தானாக நம் பக்கம் வந்தால் அது அதன் இஷ்டம், நாம் அசையாமல் இருந்தால் போதும். பிள்ளைகளுக்குக் காலையில் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், இரண்டு இட்லி போதும். வாந்திக்கு மாத்திரை வேண்டுமென்றால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிப் புறப்படும் முன் போட்டுக்கொள்ள வேண்டும், கடலில் தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. போன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் குமட்டும், தூரத்துக் கடல்கோட்டைப் பாருங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, மே மாதம் மிரிஸ்ஸ போகாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும், அங்கே சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். உங்கள் லீவுக்குத் திருகோணமலைதான் சரி. மே முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். துறைமுகத்தை ஒட்டியே ஆழமான கடல் பள்ளத்தாக்கு இருப்பதால் திமிங்கிலம் கரைக்குப் பக்கத்திலேயே வரும். 1980களிலேயே வெளிநாட்டு ஆய்வாளர்கள் டியூலிப் என்ற பாய்மரப் படகில் அங்கே வந்து பார்த்திருக்கிறார்கள். பிறகு வந்த போரில் எல்லாம் நின்றுபோய், சண்டை ஓய்ந்த பிறகுதான் மறுபடி படகுகள் கிளம்பின.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், படகே வேண்டாம் என்றால், அதற்கும் அங்கே வழி உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய கோணேஸ்வரம் கோயில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்துப் பாறையின்மேல் இருக்கிறது. சுவாமிமலை என்பார்கள். உலகத்தில் கரையிலிருந்தே நீலத் திமிங்கிலம் பார்க்க நல்ல இடங்களில் அதுவும் ஒன்று. காலைப் பூஜை முடிந்ததும், வெயில் ஏறும் முன், பாறை ஓரத் தடுப்புச் சுவர்ப் பக்கம் நின்று கடலைப் பாருங்கள். கையில் பைனாகுலர் இருந்தால் நல்லது. வெள்ளைப் புகை மாதிரி ஒன்று எழுந்து கலைந்தால் அலை என்று விட்டுவிடாதீர்கள், அதே இடத்தில் இன்னொரு முறை வருகிறதா என்று எண்ணுங்கள்.